முதல் ஆர்டர் எப்படிப் பிடிக்கிறது?

வணக்கம் மக்களே, மதுரையில இருந்து எழுதுறேன். ஃபைவர்ங்கிற (Fiverr) ஃப்ரீலான்ஸ் தளத்துல ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்புன்னு கிக் (நாம தர்ற சேவைக்கான விளம்பரம்) போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு ஆர்டர்கூட விழல. தப்பு என் பக்கம்தான்னு நினைக்கிறேன். ரிவ்யூ இருந்தாதான் ஆர்டர், ஆர்டர் வந்தாதான் ரிவ்யூ. பைத்தியம் தெளிஞ்சாதான் கல்யாணம், கல்யாணம் ஆனாதான் பைத்தியம் தெளியுங்கிற கதை!

விலையை 5 டாலருக்கு இறக்கலாம்னு பார்த்தா, 20 சதவீதம் கமிஷன் போக கையில 4 டாலர்தான் நிக்கும். மலிவுக்கு வந்தவங்க அப்புறம் விலை ஏத்தினா இருப்பாங்களா?

பொதுவா 'மொழிபெயர்ப்பு'ன்னு போடாம, யூடியூப் சப்டைட்டில் மட்டும்னு சுருக்கினா பலன் இருக்குமா? கிளையன்ட் வேலை இல்லாததால, நானா செஞ்சு பார்த்த சாம்பிளை போர்ட்ஃபோலியோல வைக்கலாமா? ஒருத்தர் தளத்துக்கு வெளியே வரச்சொல்லி டெபாசிட் கேட்டார். உடனே பிளாக் பண்ணிட்டேன் (அதுக்கு மட்டும் விவரம் இருக்கு).

அனுபவப்பட்டவங்க, உங்க முதல் ஆர்டர் எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்களேன்.