‘ட்ரிகர் ஹப்பி’: ‘விசைமகிழ்’ பொருந்துமா?

மதிப்புக்குரிய ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

‘ட்ரிகர் ஹப்பி’ (trigger-happy: எடுத்த எடுப்பில் சுட்டுவிடும் இயல்புடைய) என்ற ஆங்கிலப் பெயரடைக்குத் தாங்கள் முன்வைத்த ‘விசைமகிழ்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ‘ஹப்பி’ என்பதை மகிழ்ச்சி எனக் கொண்டதிலேயே இடறல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குண்டுவீச்சில் சிக்கி நரம்பு தளர்ந்து நிலைகுலைந்த சிப்பாய்களைப் பிரித்தானியப் படையினர் ‘பொம் ஹப்பி’ (bomb-happy) என்றார்கள். அவர்களிடம் மகிழ்ச்சி ஏது? அதே காலத்தில் பரவிய ‘ட்ரிகர் ஹப்பி’யும், தேவை எழுமுன்பே விசையை இழுத்துவிடும் நிதானமின்மையைச் சுட்டுவதுதான். இன்று துப்பாக்கியே இல்லாத இடத்தில், தொட்டதற்கெல்லாம் வழக்குப் போடுபவரையும் அது குறிக்கிறது.

ஆகவே வன்மையும் அவசரமும் ஒருசேரத் தொனிக்கும் சொல்லே வேண்டும். ‘மூர்க்கமான’ என்பதில் அவசரம் இல்லை. ‘அவசரப்பட்ட’ என்பதில் தாக்குதல் இல்லை. நண்பர் ஒருவர் பரிந்துரைத்த ‘தறுகண்’ (அஞ்சாமை) அறவே ஒவ்வாது. தொல்காப்பியர் அதனைப் பெருமிதம் பிறக்கும் நான்கனுள் ஒன்றாக எண்ணுகிறார். வள்ளுவரோ பேராண்மை என்கிறார். புகழ்ச்சொல்லைப் பிடித்து வசையாக்குவானேன்? ‘எடுத்தேன் கவிழ்த்தேன்’ பொருளைக் கச்சிதமாகப் பிடித்தாலும், பெயருக்கு முன் அடையாக நிற்க மறுக்கிறது.

இலங்கையின் அம்பாறைப் பக்கம் எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) இரவுக்காவல் இருந்தபோது, காட்டோரம் சும்மா நின்ற யானையைக் கண்டதும் இளைஞன் ஒருவன் யானைவெடியின் திரியைப் பற்றவைத்து எறிந்துவிட்டான். மிரண்ட யானை காட்டுக்குத் திரும்பாமல், குடலைப் பருவத்து (கதிர் வெளிவருமுன் உள்ள பருவத்து) நெல்லை உழக்கிக்கொண்டு வயலுக்குள்ளேயே ஓடியது. வாடியிலிருந்த (காவற்குடிசையிலிருந்த) பெரியவர், “அதுக்குள்ள கை முந்திட்டா மனே (மகனே)?” என்றார். நா முந்துவதுபோலக் கை முந்துவதும் நம் பேச்சில் இயல்பாக வரக்கூடியதே.

எனவே ‘கைமுந்திய’ என்பதை முன்மொழிகிறேன். ‘கைமுந்திய காவலர்’, ‘கைமுந்திய நிர்வாகம்’ என ஆயுதம் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் அது தடையின்றி நிற்கிறது. ஆயுதத்தை வெளிப்படையாகச் சொல்லவில்லை என்ற குறை உண்டுதான்; இராணுவ அகராதிக்கு மட்டும் ‘சுடுகை முந்திய’ என விரித்துக்கொள்ளலாம், ஆனால் அது பேச்சில் நிலைக்கும் என்று நான் நம்பவில்லை. பெயர்ச்சொல்லுக்குக் ‘கைமுந்தல்’, ‘கைமுந்துகை’ என்ற இரண்டில் முன்னதையே விரும்புகிறேன். பின்னதில் கை இருமுறை வந்து காதை உறுத்துகிறது. மாற்றுக் கருத்துடையோர் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு எழுதுமாறு வேண்டுகிறேன்.