கடை மென்பொருளின் முகப்பு மாறிவிட்டது, மதினி போனைத் தொட மாட்டேன் என்கிறார்

பத்தமடைப் பாய்க்கடை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தமடையில் எங்கள் தெருவில் நாலு வீட்டுத் தறியில் நெய்யும் கோரைப்பாய்களை ஆன்லைனில் விற்கிறேன். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பாய் என்பதால் வெளியூர்க்காரர்கள் தேடி வருகிறார்கள். கடையை நடத்துவது மாதச் சந்தா கட்டும் ஒரு மென்பொருளில். மூன்று வருடப் பழக்கம். ஆடி மாதம் ஒரு காலையில் திறந்தால் பக்கமே வேறு மாதிரி இருந்தது. இடது பக்கம் வரிசையாக இருந்த பெயர்கள் போய், சின்னச் சின்னப் படங்கள் வந்திருந்தன. நீலப் பொத்தான் கறுப்பாகிவிட்டது. வாங்குகிறவர்கள் எழுதும் குறிப்பு முன்பெல்லாம் ஆர்டரின் தலைமாட்டிலேயே மஞ்சள் பெட்டியில் நிற்கும். இப்போது அது அடியில் மடங்கிக் கிடக்கிறது, தொட்டால்தான் விரியும்.

எனக்கு ரெண்டு நாளில் பழகிவிட்டது. ஆனால் பகல் முழுக்க நான் சேரன்மகாதேவியில் வேலைக்குப் போய்விடுவேன். ஆர்டரைப் பார்த்து எந்தத் தறிக்கு எந்தப் பாய் என்று பிரித்துக் கொடுப்பது என் மதினிதான். தமிழ் நன்றாக வாசிப்பார், இங்கிலீஷ் தெரியாது. "மேலருந்து மூணாவது, அப்புறம் சோத்தாங்கைப் பக்கம் நீலம்" என்று இடத்தையும் நிறத்தையும் வைத்தே மூன்று வருடம் ஒரு ஆர்டர்கூடப் பிசகாமல் பார்த்தார். கோரை கீறிக் கீறி விரல்நுனி காய்த்துப் போனவர். நுனியால் தொட்டால் போன் எடுக்காது. கட்டைவிரலைச் சாய்த்து அதன் பக்கவாட்டால்தான் தொடுவார். புதுப் பக்கத்தில் படங்கள் நெருக்கிக்கொண்டு நிற்பதால் ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது திறக்கிறது.

நடந்தது இதுதான். ஆவணி முகூர்த்தத்துக்கு மதுரையிலிருந்து ஒரு கல்யாணப் பாய் கேட்டிருந்தார்கள். 100 கவுண்ட் பட்டுப் பாய், அதாவது பட்டுப் போல நெருக்கமாக நெய்யும் நயமான கோரைப்பாய். மாப்பிள்ளை பெயர், பொண்ணு பெயர், தேதி எல்லாம் குறிப்பில் எழுதியிருந்தார்கள். மதினி கண்ணில் அது படவே இல்லை. பதினெட்டு நாள் தறியில் இருந்த பாய். ஓரத்துக்குத் துணி தைத்துச் சுருட்டும்போதுதான் நான் பார்த்தேன், பெயர் இல்லை. நெய்து முடித்த பாயில் அப்புறம் பெயர் ஏற்ற முடியாது. தறியில் இருக்கும்போதே கோரையோடு கோரையாக அது போயிருக்க வேண்டும்.

அந்த வீட்டாரிடம் போனில் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் பெருந்தன்மையாகப் பெயரில்லாத பாயையே வாங்கிக்கொண்டார்கள். மதினி அன்றிலிருந்து போனைத் தொடவில்லை. "ஒரு கல்யாணக் காரியம் என்னால குறையாப் போச்சே" என்று சொல்லிச் சொல்லி மறுகுகிறார். இது அவர் குறையே இல்லை. நாலு வீட்டுத் தறியும் அவர் கணக்கில்தான் ஓடுகிறது.

பழைய பக்கத்துக்குப் போக வழி உண்டா? பெயர் இனி கண்ணுக்குத் தப்பாமல் இருக்க என்ன செய்யலாம்? மதினியைத் திரும்ப எப்படி உட்கார வைப்பது?

பாளையங்கோட்டை வலைப்பணி:

தங்கச்சி, சந்தா மென்பொருளில் பழைய பக்கத்தைச் சில நாள் ஓரமாக வைத்திருந்தாலும் அப்புறம் எடுத்துவிடுவார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். சொந்த சர்வரில் வேர்ட்பிரஸ் (இணையதளம் கட்டும் மென்பொருள்), அதன்மேல் வூகாமர்ஸ் (கடை நடத்தும் மென்பொருள்) என்று வைத்திருப்பவர்களுக்கு எப்போது அப்டேட் ஏற்றுவது என்பதாவது கையில் இருக்கும். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வந்து எழுதும் பக்கமே மாறியபோது, பழைய எடிட்டரைத் தனிப் பிளகினாக, அதாவது வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளும் துணை நிரலாகக் கொடுத்தார்கள். ஆனால் அங்கேயும் மாற்றம் நிற்பதில்லை. 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3 முதல், புதிதாகத் தொடங்கும் கடைகளில் பணம் கட்டும் செக்அவுட் பக்கம், துண்டு துண்டாக அடுக்கும் பிளாக் முறையில்தான் வருகிறது. பழைய முறைக்காக எழுதிய, கூடுதல் பெட்டி சேர்க்கும் பிளகின்கள் பல அதில் எடுபடுவதில்லை. உங்களுக்குக் குறிப்பு அடியில் போனது என்றால் அங்கே பெட்டியே காணாமல் போகலாம்.

உங்கள் விஷயத்தில் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. பெயரைக் குறிப்பில் வாங்குகிறீர்கள். குறிப்பு என்பது ஆர்டர் மொத்தத்துக்கும் பொதுவானது. "மத்தியானத்துக்கு மேல் கொண்டுவாருங்கள்" என்று எழுதுவதும் அதே பெட்டியில்தான். அதை எங்கே காட்டுவது என்பது மென்பொருள் செய்கிறவர் இஷ்டம்.

பெயரைப் பொருளோடு கட்டிவிடுங்கள். கடையில் அந்தப் பாயைக் காட்டும் பக்கத்திலேயே மூன்று பெட்டி வையுங்கள்: மாப்பிள்ளை பெயர், பொண்ணு பெயர், தேதி. மூன்றையும் கட்டாயம் என்று குறித்துவிட்டால் நிரப்பாமல் யாரும் வாங்க முடியாது. அப்படி வாங்கும் விவரம் ஆர்டரில் பொருளின் பெயருக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அச்சடிக்கும் சீட்டிலும் வருகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குத் தலைப்பு நீங்கள் வைப்பதுதான், தமிழிலேயே வையுங்கள். இன்னொன்று, பெயர் போட்ட பாயைத் தனிப் பொருளாக, தனிப் போட்டோவோடு போடுங்கள். ஆர்டர் பட்டியலில் அந்தப் படத்தைப் பார்த்ததுமே மதினிக்குத் தெரிந்துவிடும்.

உடன்குடி கருப்பட்டி:

வலைப்பணி அண்ணாச்சி சொல்வது சரிதான், ஆனால் எனக்கு அது பாதிதான். இன்றைக்குப் பொருளுக்கு அடியில் வருவது நாளைக்கு எங்கே போகும் என்று யார் கண்டார்கள்?

நாங்கள் பங்குனியிலிருந்து ஆடி வரை, பதநீர் இறங்கும் காலத்தில், கடையில் எதையும் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. சாயங்காலம் வாரத்துக்கு ஒரு முறை ஆர்டர் பட்டியலைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்வோம். முகப்பு எப்படி மாறினாலும் அந்தக் கோப்பில் எல்லா விவரமும் வரிசையாக இருக்கும்.

முக்கியமானது சிட்டை, கையால் எழுதும் துண்டுச் சீட்டு. காலை ஒன்பது மணிக்குக் கணக்குப்பிள்ளை ஒருவர் மட்டும் ஆர்டரைத் திறப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிட்டை எழுதுவார். சில்லுக் கருப்பட்டியா வட்டுக் கருப்பட்டியா, எத்தனை கிலோ, எந்த ஊர். அதற்கப்புறம் யாரும் போனைப் பார்க்க வேண்டாம், சிட்டைதான் பேசும். தங்கச்சி, நீங்கள் வேலைக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் ஒதுக்கிச் சிட்டை எழுதித் தறிமேல் கட்டிவிட்டுப் போங்கள். சிட்டை கட்டாத தறியில் கோரை கோர்க்கக் கூடாது என்று ஒரே ஒரு விதி வையுங்கள்.

வீரவநல்லூர் சேலைக்கடை:

அக்கா, சிட்டை நல்ல வழிதான். ஆனால் அண்ணாச்சி சொல்கிறபடி நீங்களே எழுதிக் கொடுத்தால் மதினி கையிலிருந்து வேலையை வாங்கிவிட்டதாக ஆகிவிடும். ஏற்கெனவே மனசு ஒடிந்திருக்கிறார். சிட்டையை மதினியே எழுதட்டும்.

எங்கள் அத்தைக்கும் இதே பாடு வந்தது. நான் முதலில் செய்த தப்பு, "இங்க குடுங்க அத்தை" என்று போனை வாங்கி நானே அழுத்திக் காட்டியது. என் விரல் பழகியதே தவிர அவர் விரல் பழகவில்லை. அப்புறம் போன் அவர் கையை விட்டு வராதபடி பார்த்துக்கொண்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் சொல்வேன். ஒரு ரூபாய்க்கு ஒரு பொய்ச் சேலை போட்டு, கடைப் பட்டியலில் தெரியாமல் மறைத்து, நானே அதை வாங்கிக்கொண்டே இருந்தேன். தப்பாகத் தொட்டால் என்ன ஆகும் என்கிற பயம் அதில் இல்லை. ஐந்தாறு நாள் ஆனது.

அத்தைக்கென்று தனி லாகின் போட்டு, ஆர்டர் பக்கத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். இடது பக்கப் படங்கள் பன்னிரண்டு இருந்தது, ரெண்டாகக் குறைந்தது. அனுப்ப வேண்டிய ஆர்டர்கள் பக்கத்தின் முகவரியைப் போனின் முகப்பிலேயே ஒட்டிவிட்டேன், மெனு வழியாகச் சுற்ற வேண்டாம். போன் செட்டிங்கில் காட்சி அளவைப் பெரிதாக்கினால் பொத்தான்களுக்கு நடுவில் இடம் கிடைக்கும். மதினி கட்டைவிரலுக்கு அதுதான் முதலில் வேண்டும்.

பத்தமடைப் பாய்க்கடை:

மூன்று பேருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன்.

பெட்டிகளைத் தமிழில் வைத்தேன். பெயர் போட்ட பாய்க்குச் சிவப்புச் சாயம் ஏற்றியதைப் படம் எடுத்துப் போட்டேன். தனி லாகின், பெரிய எழுத்து, ஒரு ரூபாய்ப் பாய் எல்லாம் செய்தேன். முதல் ரெண்டு நாள் மதினி வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். மூன்றாம் நாள் அவராக வந்து, "அந்த லாரி எதுக்கு? நாம தபால்லதான அனுப்புதோம்?" என்று கேட்டார். அனுப்பியாச்சு என்பதற்கு அந்தப் படம் என்றேன். "அப்ப அது நீலம்" என்றார். பழைய நீலப் பொத்தான் செய்த வேலையை அது செய்கிறது, அவ்வளவுதான். அதிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் அவரே பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. சிட்டைக்கென்று பிடிஎஃப் சீட்டை அச்சடித்தால் தமிழ் எழுத்து பிசகுகிறது. செல்வி என்ற பெயரில் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. மதினிதான் பார்த்துச் சொன்னார். இப்படியே பார்த்து நெய்தால் என்ன ஆவது?

பாளையங்கோட்டை வலைப்பணி:

நல்ல வேளை, கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டர் 'செ' என்பதை முதலில் ச, அடுத்து கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். பிரவுசர் அதைச் செய்துவிடும். பிடிஎஃப் உண்டாக்கும் சில நிரல்களுக்கு அது தெரியாது, எழுத்துரு மாற்றினாலும் சரியாகாது. அதனால் பிடிஎஃப்பை விட்டுவிட்டு, ஆர்டர் பக்கத்தை பிரவுசரில் திறந்து அங்கிருந்தே நேராகப் பிரிண்ட் கொடுங்கள்.

பத்தமடைப் பாய்க்கடை:

பிரவுசரிலிருந்து எடுத்தது சரியாக வந்துவிட்டது அண்ணாச்சி. ஆனாலும் மதினி அதை அப்படியே தறிக்குக் கொடுப்பதில்லை. கட்டம் போட்ட தாளில் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தன் கையால் எழுதி, வாங்கியவருக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். சரி என்று பதில் வந்த பிறகுதான் தாளைத் தறியில் கட்டுகிறார். ஐப்பசி முகூர்த்தத்துக்கு ரெண்டு பாய் இப்போது தறியில் இருக்கிறது. ரெண்டிலும் தாள் தொங்குகிறது.