ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு எண்ணெய் வேண்டாமாம்!

செம்மண்காடு:
"ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டரைப் பெட்ரோலில் அலசிக் காயவைத்து மாட்டினால் போதும். எண்ணெய் விட்டால் எஞ்சின் புகை தள்ளும்" என்று இந்த மன்றத்தின் பவர் வீடர் (களையெடுக்கும் இயந்திரம்) பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் அந்த ஸ்பாஞ்சின் துளைகள் பெரியவை. கடலைக்காட்டில் வீடர் ஓட்டும்போது எழும் செம்புழுதி அதற்குள் தாராளமாக நுழையும். ஸ்பாஞ்சில் பரவியிருக்கும் எண்ணெய்ப் பசைதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது.

பட்டறைக்காரர்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியதுதானே? எண்ணெயில் ஊறிய ஃபில்டரோடு வரும் எஞ்சின்கள்தான் என் பட்டறையில் வெள்ளைப் புகை தள்ளுகின்றன. கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன் தம்பி.

செம்மண்காடு:
எண்ணெய் விட்டபின் பிழிந்தார்களா? ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவு, நன்றாகக் காயவை, சுத்தமான எஞ்சின் ஆயிலில் தோய், மிஞ்சிய எண்ணெயைப் பிழிந்தெடு என்கிறது. எண்ணெய் அதிகம் தங்கினால் ஸ்டார்ட் செய்ததும் புகை வரும் என்பதும் அதிலேயே இருக்கிறது. கரைப்பானில் கழுவுவதென்றால்கூடத் தீப்பற்றாத கரைப்பான் என்கிறது. பெட்ரோல் அந்தக் கணக்கில் வருமா?

வரப்போரம்:
பட்டறைக்காரர் அண்ணன் சொல்வதே சரி. என் எஞ்சினில் இருப்பது காகித ஃபில்டர். எண்ணெய் விட்டபின் ஸ்டார்ட்டே ஆகவில்லை.

செம்மண்காடு:
காகிதத்துக்கு எண்ணெய் விடச் சொன்னது யார்? ஸ்பாஞ்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பட்டறைக்காரர்:
பார்த்தீர்களா, எண்ணெய் விட்டதால்தான் அவர் எஞ்சினும் நின்றது. அதைத்தானே நானும் சொல்கிறேன்?

செம்மண்காடு:
பிழிந்தார்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லுங்கள். பழைய வேட்டித் துணியில் ஸ்பாஞ்சைச் சுற்றி உள்ளங்கையால் அழுத்தினால் மிச்ச எண்ணெய் துணிக்கு வந்துவிடும். முறுக்கினால் கிழியும், அழுத்தத்தான் வேண்டும். எண்ணெய் இல்லாமல் ஓடிய எஞ்சினில் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் (பெட்ரோலும் காற்றும் கலக்கும் பாகம்) வாயில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள், செம்மண் நறநறக்கும். அந்த மண்தான் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கிறது, சிலிண்டரில் கோடு போடுகிறது.

கடைமடை:
எங்கள் பக்கம் வயலில் எப்போதும் ஈரம். பம்ப்செட் எஞ்சினுக்கு நான் எண்ணெய் விட்டதே இல்லை, நன்றாக ஓடுகிறது. புன்செய்க்காரர்கள் தங்கள் ஊர்ப் புழுதியை ஊருக்கெல்லாம் பொதுவாக்க வேண்டாம்.

செம்மண்காடு:
அறுவடை முடிந்து கோடையில் வைக்கோல் தூசி பறக்கும்போதும் ஈரம்தானா? புழுதி குறைவு என்றால் அடிக்கடி கழுவ வேண்டாம், அவ்வளவுதான். எண்ணெயே வேண்டாம் என்று ஆகிவிடாது.

கடைமடை:
கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் பாடு தெரியாதவர்கள் எங்கள் வயலைப் பற்றிப் பேச வேண்டாம்.

பட்டறைக்காரர்:
போன ஆண்டு புல்வெட்டும் கருவிக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்காதே என்று எல்லோரையும் குழப்பியவரும் இதே செம்மண்காடுதான். மறக்கவில்லை.

செம்மண்காடு:
அது நான்கு ஸ்ட்ரோக் கருவி! அதற்கு ஆயில் தனியாக ஊற்றுவது. அன்றும் கையேட்டைக் காட்டினேன், அன்றும் நீங்கள் படிக்கவில்லை.

பட்டறைக்காரர்:
கையேடு எழுதியவன் என் பட்டறையில் வந்து ஸ்பேனர் பிடிக்கட்டும், அப்புறம் பேசலாம். நான் பெட்ரோலில்தான் அலசுவேன்.

செம்மண்காடு:
பீடி பிடிப்பவர்கள் வந்துபோகும் பட்டறையில் பெட்ரோல் கிண்ணத்தைத் திறந்து வைப்பீர்களா? பிழிந்தார்களா என்பதற்கும் இன்னும் பதில் இல்லை.

வரப்போரம்:
அப்படியானால் என் காகித ஃபில்டரைப் பிழியலாமா?