ஃபிளேக் புகையிலைக்குப் பதம் பார்த்தல்: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

குளக்கட்டான், கிளிநொச்சி

சுங்கான் (புகைக்குழாய்) பிடிக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம் இல்லை. இருக்கிற சிலராவது இதை வாசித்துத் தங்கள் அனுபவத்தையும் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

லண்டனிலிருந்து வந்த அத்தான் ஒரு சுங்கானும் இரண்டு பேணிப் புகையிலையும் தந்துவிட்டுப் போனார். ஐம்பது கிராம் தகரப்பேணி. மூடியைத் திறந்து மெழுகுத்தாளை விரித்தால், கரும்பழுப்பு நிறத்தில் வில்லை வில்லையாக அடுக்கியிருந்தது. இதைத்தான் ஃபிளேக் என்பார்கள். முந்திரிகை வற்றலும் (உலர்ந்த திராட்சை) புது வைக்கோலும் கலந்த வாசம். அது கார்த்திகை மாதம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். வீட்டுச் சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. நான் ஆவல் தாங்காமல் ஒரு வில்லையை எடுத்துப் பிய்த்து, சுங்கானின் கிண்ணத்தில் திணித்துப் பற்றவைத்தேன்.

பற்றவில்லை. மறுபடி பற்றவைத்தேன். நாலு இழுப்பில் அணைந்தது. இப்படியே ஒரு கிண்ணத்துக்குப் பதினொரு நெருப்புக்குச்சி போனது. தண்டுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி களகளவென்று சத்தம். நாக்கின் நுனி வெந்து, அன்று இரவு ரசம்கூடக் குடிக்க முடியவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்தபோது அடியில் கால்வாசிப் புகையிலை எரியாமல், சேற்றுக் கட்டி போலக் கிடந்தது. புகையிலை பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி, பேணிகளை அலுமாரியில் வைத்து ஒரு வருடம் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இருந்தார். 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அங்கே புகையிலைத் தோட்டம் செய்தவர். ஒருநாள் பேச்சுவாக்கில் பேணியைக் காட்டினேன். அவர் ஒரு வில்லையை எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்தினார். விட்டார். வில்லை அழுத்திய இடத்தில் அப்படியே பள்ளமாக நின்றது. “இது பழுதில்லைத் தம்பி. இதற்கு இன்னும் பதம் வரவில்லை” என்றார். பிறகு சொன்னார்: தோட்டத்தில் பாடம் போட்ட (பதப்படுத்திய) இலையைப் பகலில் யாரும் தொடமாட்டார்கள், தொட்டால் நொறுங்கிப்போகும். விடியப்புறம் பனி இறங்கி இலை இளகியிருக்கும்போதுதான் எடுத்துச் சிப்பம் கட்டுவார்கள். ஈரம் கூடினால் சிப்பத்துக்குள் புழுங்கி அழுகும், குறைந்தால் தூளாகும். “இலை எந்த நாட்டு இலையாக இருந்தால் என்ன, விரலுக்குத் தெரிவது ஒன்றுதான்.”

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குக் கண் திறந்தது. ஃபிளேக் என்பது இலைகளை அடுக்கி, பெரிய பாரத்தில் அழுத்திக் கட்டியாக்கி, அந்தக் கட்டியை மெல்லிய தகடுகளாகச் சீவியது. பெரும்பாலும் வேர்ஜீனியா இலை. சூட்டில் மட்டும் பதப்படுத்துவார்கள், புகை படாது. அதனால் இலையின் இனிப்பு உள்ளேயே தங்கிவிடும். நம் யாழ்ப்பாணத்துப் புகையிலையைக் குடிலில் கட்டி, தேங்காய் மட்டைப் புகை போட்டு எடுப்பது வேறு வகை. பேணியில் அடைக்கிறவர்கள் ஃபிளேக்கை ஈரமாகவே அடைக்கிறார்கள், உள்ளே இருந்து முதிரட்டும் என்று. நூற்றுக்கு இருபது பங்குக்குக் கிட்ட ஈரம் இருப்பதும் உண்டு. புகைக்க உகந்தது பன்னிரண்டு, பதின்மூன்று. மிச்ச ஈரத்தை நெருப்பு முதலில் ஆவியாக்கிய பிறகுதான் இலையைத் தொடும். அந்த ஆவிதான் நாக்கைச் சுடுவது. அணைந்துவிடுமோ என்ற பயத்தில் நாம் வேகமாக இழுக்க, சூடு இன்னும் ஏறும்.

இப்போது நான் செய்வது இதுதான். சுளகில் ஒரு மண்ணிறக் கடதாசியை விரிக்கிறேன். வில்லைகளைக் கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து லேசாக உருட்டுகிறேன். முழுக்கத் தூளாக்குவதில்லை, நூலும் துண்டுமாகப் பாதி பிரிந்தால் போதும். பரப்பிவிட்டு நிழலில் வைக்கிறேன். இடைக்கிடை கிளறி, ஒரு சிட்டிகையை அழுத்திப் பார்க்கிறேன். பந்தாக ஒட்டிக்கொண்டால் காத்திருக்க வேண்டும். சரசரவென்று ஒடிந்தால் பிந்திவிட்டோம். அழுத்திய பின் மெதுவாக விரிந்து எழும்பினால் அதுதான் பதம்.

எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அரைமணி என்பார்கள், ஒரு மணி என்பார்கள். அது அவர்களுடைய அறையின் காற்றுக்குச் சரி. ஆடி மாதச் சோளகக் காற்றில் எங்கள் விறாந்தையில் இருபது நிமிடத்தில் காய்ந்த அதே புகையிலை, மார்கழி மழையில் மூன்று மணி நேரம் கழிந்தும் ஒட்டிக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே பேணி. வன்னியில் மணிக்கூடு பார்த்துப் புகையிலை உலர்த்த முடியாது.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. சுங்கானில் நெருப்பு ஒழுங்காகப் பிடிக்கும்போதெல்லாம் அவர் விரல் நினைவுக்கு வரும்.

வயற்காரன், மாங்குளம்

குளக்கட்டான் அண்ணா, பதம் என்ற சொல்லைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் நெல்லுச் செய்கிறவன். சுங்கான் பழக்கம் கொழும்பில் வேலை செய்த காலத்தில் தொற்றியது.

என் பிழை உங்களுடையதற்கு நேர் எதிர். ஈரம் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வைகாசி மாதத்து நடுமத்தியான வெயிலில், அலுமினியத் தட்டில் வில்லைகளை அப்படியே வைத்துவிட்டேன். உருட்டவும் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வில்லைகள் அப்பளம் போலச் சுருண்டு நின்றன. மேல்பக்கம் தொட்டால் ஒடிகிறது, நடுவில் இன்னும் பிசுபிசுப்பு. முற்றமெல்லாம் அருமையான வாசம். சுங்கானுக்குள் இருக்க வேண்டிய வாசம் அது. பற்றவைத்தபோது கடதாசி எரிந்த சுவைதான் மிஞ்சியது, கிண்ணம் கையில் பிடிக்க முடியாத சூடு.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காலபோக அறுவடைக்குப் பிறகு தெருவோரம் நெல் காயப்போடுகிறோம். ஒரேயடியாகக் கடும் வெயிலில் காய்ந்த நெல்மணி உள்ளுக்குள் வெடித்துவிடும். ஆலையில் போட்டால் பாதி குறுணலாக வரும். அதனால்தான் கிளறிக்கொண்டே இருக்கிறோம், குவித்து ஆறவிட்டு மறுபடி பரப்புகிறோம். நெல்லை விற்கும்போது 14 வீத ஈரத்துக்கு மேல் போகக் கூடாது என்று கருவியால் அளக்கிறார்கள். எங்கள் ஐயா கருவி பார்த்தவரில்லை. ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் காணும் என்பார், காணாது என்பார். புகையிலைக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஒன்று கூட்டிச் சொல்கிறேன். மிஞ்சிக் காய்ந்துவிட்டால் எறிய வேண்டாம். ஒரு கோப்பையில் போட்டு, பிழிந்த ஈரத்துணியை வாய்க்கு மேலே கட்டி, இலையில் படாமல் ஒரு மணி நேரம் வைத்தால் திரும்பவும் இளகும். போன வாசம் முழுதாகத் திரும்பாது, ஆனால் புகைக்கலாம். தோடம்பழத் தோலையோ உருளைக்கிழங்குத் துண்டையோ பேணிக்குள் போடும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். நம் வெக்கையில் நாலாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது.

பாலைமரம், வவுனியா

பூஞ்சணம் என்றதும் ஒரு கவலையான கதை. ஐந்து வருடம் திறக்காமல் வைத்திருந்த பேணியைத் திறந்தேன். வில்லைகளின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. முழுவதையும் குப்பையில் கொட்டினேன். பிறகுதான் அறிந்தேன், பழைய வேர்ஜீனியா இலையில் சிலவேளை இப்படிப் பளிங்கு போல வெள்ளைப் பொடிகள் பூக்கும், அது கெட்டது இல்லை என்று. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் மின்னும். பூஞ்சணம் மின்னாது, பஞ்சு போல மயிர்விட்டு நிற்கும், மூக்குக்கு ஊத்தை மணம் வரும். நான் கொட்டியது மின்னியதா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

நான் உருட்டுவதில்லை. வில்லையை நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு மடித்து, லேசாக முறுக்கிக் கிண்ணத்துக்குள் இறக்குவேன். மேலே கொஞ்சம் தூளைத் தூவிப் பற்றவைப்பேன். மெதுவாக, ஒரு மணி நேரத்துக்கு மேல் எரியும். ஆனால் மடித்து வைப்பதானால் உலர்த்துவதில் இரட்டிப்புப் பொறுமை வேண்டும், தடிப்பான வில்லையின் நடு ஈரம் லேசில் விடாது. நான் முதல்நாள் இரவே பரப்பிவிடுவேன். கோடையிலென்றால் மேலே ஒரு கடதாசியை மூடிவிடுவேன், எறும்புக்கும் சேர்த்து. இனிப்பு இலையை எறும்பு கண்டுபிடிக்காமல் விடாது.

வாசனை சேர்த்த சில வகைகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஈரம் காக்கவென்று புரோப்பிலீன் கிளைகோல் சேர்த்திருப்பார்கள். நாள்முழுக்கப் பரப்பினாலும் விரலில் ஈரமாகவே தெரியும். அவற்றுக்கு விரல் சோதனை செல்லாது.

நந்திக்கடலோரம், முல்லைத்தீவு

நான் புகைப்பதில்லை. ஆனால் புகையிலை உலர்த்தியிருக்கிறேன், ஏழு வருடம்.

அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்குமே நாங்கள் அலைந்தோம், பேணிப் புகையிலைக்கு எங்கே போவது. சுருட்டு இலையை நுணுக்கிச் சுங்கானில் போட்டுப் பார்த்தார். இரண்டு இழுப்பில் விக்கல் எடுத்து, நெற்றி வியர்த்து, சாய்மனைக் கதிரையில் சரிந்துவிட்டார். அதற்குப் பிறகு வெறும் சுங்கானை வாயில் வைத்துக்கொண்டு கொப்பிகள் திருத்துவார்.

2002இல் ஏ9 பாதை (கண்டி–யாழ்ப்பாணம் வீதி) திறந்தபோது கனடாவிலிருந்து சித்தப்பா வந்தார். பேணிகளைக் கண்டு அப்பா அழுதார். அதற்குள் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது, வில்லையைப் பிரிக்க வராது. பிரிப்பதும் உருட்டுவதும் என் வேலையாகியது. கடற்கரைக் காற்று உப்பும் ஈரமுமாக இருக்கும். மழைக்காலத்தில் பரப்பினால் இன்னும் ஈரம் குடிக்கும். அப்பா ஒரு வழி சொன்னார். இரவுச் சமையல் முடிந்து, நெருப்பெல்லாம் அணைந்து, புகை அடங்கிய பிறகு அடுப்புக்கு மேலுள்ள பரணில் சுளகை வைக்கச் சொல்வார். புகை இருக்கும்போது வைத்தால் விறகு மணம் ஏறிவிடும். கல்லடுப்பின் சூடு மட்டும் மெல்ல மெல்ல ஏறும். படுக்கப் போகுமுன் நான் ஒரு சிட்டிகை கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைப்பேன். விரல்கள் நடுங்கும், ஆனால் அழுத்தும்போது நடுக்கம் நிற்கும். “இன்னும் ஒரு பத்து நிமிடம், பிள்ளை” என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நிரப்பும்போது மூன்று முறையாக நிரப்பச் சொல்லித் தந்தார். முதலில் குழந்தை கைபோல் தளர்வாக, அடுத்தது பெண் கைபோல், கடைசியில் ஆண் கைபோல். இதை எல்லா நாட்டுச் சுங்கான்காரரும் சொல்வார்களாம். முதல் தடவை பற்றவைத்ததும் இலை புடைத்து எழும்பும். அதை மெல்ல அமுக்கிவிட்டு இரண்டாம் தடவை பற்றவைத்தால்தான் நெருப்பு நிலைக்கும்.

இன்னொன்றையும் நான் மறைக்க விரும்பவில்லை. அவருடைய வாய்க்குள் ஒரு வெள்ளைத் தழும்பு வந்தது. உள்ளே இழுக்காவிட்டாலும் சுங்கான் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று வைத்தியர் தெளிவாகச் சொன்னார். அப்பா நாளுக்கு மூன்றை வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாக்கினார். இங்கே எழுதுகிற அண்ணன்மார் மாதம் ஒருமுறையாவது கண்ணாடியில் வாயைத் திறந்து பாருங்கள்.

சுங்கானும் பேணிகளும் 2009இல் எல்லாவற்றோடும் போய்விட்டன. அப்பாவும் அதே வருடம்தான். முந்திரிகை வற்றலும் வைக்கோலும் என்று குளக்கட்டான் அண்ணா எழுதிய வரியை நான் பலமுறை வாசித்தேன்.

குளக்கட்டான், கிளிநொச்சி

தங்கச்சி, உங்கள் பதிவை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். மனைவி எழுந்துபோய் அடுப்படிப் பரணைத் துடைத்து வைத்தாள்.

இன்று பின்நேரம் தொடக்கம் மழை. சமையல் முடிந்து அடுப்பு ஆறிக்கொண்டிருக்கிறது, புகை இல்லை. இரண்டு வில்லையை உருட்டி, சுளகோடு மேலே வைத்திருக்கிறேன். வாய்க்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் தெரியவில்லை; அடுத்த கிழமை ஆஸ்பத்திரியிலும் காட்டுவேன். இப்போது மணி எட்டு. ஒன்பது மணிக்கு ஒரு சிட்டிகையை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, மழைநாளில் பரணில் எவ்வளவு நேரம் பிடித்தது என்று இங்கே எழுதுகிறேன்.