பவுண்டி காசு அனுப்பிட்டோம்னு சொல்லுதாங்க, வாலட்ல ஜீரோ. அவசரம்

களக்காட்டு வாழைத்தார் | வியாழன் இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் லைப்ரரில பக் சரி பண்ணுனதுக்கு பவுண்டி, அதான் சன்மானம், 250 யுஎஸ்டிசி (ஒண்ணு ஒரு டாலர்னு வச்ச கிரிப்டோ காசு). பிஆர், அதான் நான் அனுப்புன திருத்தம், அவங்க கோட்ல மெர்ஜ் ஆயி ஒம்பது நாள் ஆச்சு. செவ்வாய்க்கிழமையே அனுப்பிட்டோம்னு சொல்லுதாங்க. வாலட்டைத் திறந்தா ஜீரோ. அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணியும் பாத்துட்டேன், அதே ஜீரோ. தங்கச்சி காலேஜ் ஃபீஸ் திங்கக்கிழமை கட்டணும். வெரசா யாராவது சொல்லுங்க.

திசையன்விளை | 9:15

எந்த வாலட்? எந்த நெட்வொர்க்?

பாளை பைத்தான் | 9:19

ஹாஷ், அதான் காசு அனுப்புனதுக்கான அடையாள எண், குடுத்தாங்களா? அது இல்லாம நாங்க என்னத்தச் சொல்ல? அழிச்சு இன்ஸ்டால் பண்ணேன்னு சொல்லுதியே, வாலட்டுக்குச் சாவியான பழைய 12 வார்த்தையைப் போட்டுத் திறந்தியா, இல்ல புதுசா ஒரு வாலட்டையே உண்டாக்கிட்டியா? புதுசுன்னா அட்ரஸே வேற. பவுண்டிக்குக் குடுத்த அட்ரஸோட கடைசி நாலு எழுத்து இப்ப வாலட்ல தெரியுததோட ஒத்துப்போவுதான்னு முதல்ல பாரு.

முப்பந்தல் காத்தாடி | 9:24

அனுப்பிட்டோம்னு சொன்னா அனுப்பிட்டாங்கன்னு அர்த்தமாவே? வேலையை வாங்கிட்டு ஏமாத்திட்டானுவ, அவ்வளவுதான். இந்த கிரிப்டோவே சவம். ரூபாயா கேட்டிருக்கணும்.

வழிகாட்டி_2009 | 9:31

இதே கேள்வி இங்கே ஐம்பது முறையாவது வந்திருக்கும். தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. எந்த லைப்ரரி, எந்தச் சங்கிலி (நெட்வொர்க்), எந்த டோக்கன் (காசு வகை), பரிவர்த்தனை ஹாஷ் எதுவும் சொல்லாமல் 'அவசரம்' என்று தலைப்பு வைத்தால் பதில் வந்துவிடுமா? எனக்குத் தெரிந்தவரை முகவரியைத் தப்பாகக் கொடுத்திருப்பீர்கள். போன காசு போனதுதான்.

களக்காட்டு வாழைத்தார் | 9:40

மன்னிச்சுக்கோங்க, போன்ல டைப் பண்ணுதேன். நரிப் படம் போட்ட வாலட். வார்த்தை நோட்டுல இருந்துச்சு, அதைப் போட்டுத்தான் திறந்தேன். அட்ரஸ் சரியாத்தான் இருக்கு, கடைசி நாலும் ஒத்துப்போவுது. நெட்வொர்க்னா மேல எத்தீரியம்னு போட்டிருக்கு. ஹாஷ் மெயில்ல இருக்கும், தேடுதேன்.

பிடிஎஃப்ல இருந்து எழுத்தை எடுக்குத லைப்ரரி அண்ணே. எங்க ஊர்க் கோவில் கொடை நோட்டீஸ் பழசு ஒரு முப்பது கெடந்துச்சு. அதுல 'கொடை'ன்னு தேடுனா ஒண்ணுமே வரல. கண்ணுக்கு முன்னால 'கொடை' இருக்கு, தேடுனா இல்லங்குது. பாத்தா அந்த 'கொ' சில ஃபைல்ல ஒரே குறியா இருக்கு, சிலதுல கொம்பு தனி, கால் தனி. நமக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு. தேடும்போது ரெண்டு பக்கத்தையும் என்எஃப்சி ஆக்கிட்டு ஒப்பிடச் சொன்னேன். மொத்தமே 11 வரி.

முப்பந்தல் காத்தாடி | 9:44

என்எஃப்சியா? அது கடையில போனைத் தட்டிக் காசு கட்டுததுல்லா?

பாளை பைத்தான் | 9:46

அது வேற வே. இது யூனிகோட் நார்மலைசேஷன். பிரிஞ்சு கெடக்குத கொம்பையும் காலையும் சேத்து ஒரே குறியாக்கும். தம்பி, நல்ல வேலை பண்ணிருக்க. 11 வரிக்கு 250 டாலர்னு எவனும் சொன்னா, அந்த 11 வரி எங்கன இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் காசுன்னு சொல்லு.

பத்தமடைப் பாய் | 9:52

தம்பி, நீ பாக்குறது எத்தீரியத்தோட மூல நெட்வொர்க், மெயின்நெட். யுஎஸ்டிசி ஒரே இடத்துல இருக்குற சாமான் இல்ல. எத்தீரியத்துல ஒண்ணு, பாலிகான்ல ஒண்ணு, ஆர்பிட்ரம்ல ஒண்ணு, பேஸ்ல ஒண்ணு. இந்த நாலுலயும் உன் அட்ரஸ் அதே அட்ரஸ்தான், அதனாலதான் குழப்பமே. சின்னத் தொகையைப் பெரும்பாலும் மெயின்நெட்ல அனுப்ப மாட்டாங்க, நெரிசல் நேரத்துல ஃபீஸ் கடிக்கும். பாலிகான்லயோ ஆர்பிட்ரம்லயோ அனுப்பியிருப்பாங்க. ஹாஷை எடுத்து, பாலிகான்ல நடந்ததைத் தேடிப் பாக்குற எக்ஸ்ப்ளோரர் சைட் பாலிகான்ஸ்கேன்ல ஒட்டு, வரலைன்னா ஆர்பிஸ்கேன்ல ஒட்டு. எதுல 'சக்சஸ்'னு பச்சையாத் தெரியுதோ அந்த நெட்வொர்க்கை வாலட்ல சேத்துட்டுப் பாரு. அப்பவும் தெரியலைன்னா 'இம்போர்ட் டோக்கன்' குடுத்து டோக்கனோட காண்ட்ராக்ட் அட்ரஸைப் போடு. அதையும் எக்ஸ்ப்ளோரர்ல இருந்தே எடு, கூகுள் விளம்பரத்துல வர்றதை எடுத்துராத.

திசையன்விளை | 9:55

பாய் சொன்னதுதான் சரி.

பத்தமடைப் பாய் | 9:56

நான் அந்த பாய் இல்ல, கோரைப்பாய். அக்கான்னே சொல்லுங்க.

களக்காட்டு வாழைத்தார் | 10:03

சரிக்கா. ஹாஷ் கிடைச்சுட்டு. அதுக்குள்ள ஒருத்தர் தனியா மெசேஜ் போட்டிருக்காரு, சப்போர்ட்னு பேரு இருக்கு. வாலட் சிங்க் ஆகலை, 12 வார்த்தையைக் குடுத்தா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணித் தாரேங்காரு. அப்புறம் வாலட்ல நான் வாங்காத ஏதோ டோக்கன் ஒண்ணு லட்சக்கணக்குல வந்து கெடக்கு, ஒரு லிங்க் இருக்கு. அதையும் அமுக்கவா?

பத்தமடைப் பாய் | 10:04

குடுக்காத!!! லிங்க்கைத் தொடாத!!!

பாளை பைத்தான் | 10:05

ஏலே குடுத்துராத. அட்ரஸை ஊருக்கே சொல்லலாம், அந்த 12 வார்த்தை பெத்த தாய்க்கும் சொல்லக்கூடாது. வார்த்தை போச்சுன்னா எல்லா நெட்வொர்க்லயும் உள்ளதும் போச்சு. சும்மா வந்த டோக்கன் தூண்டில் புழு, லிங்க்ல போயி எதுக்காச்சும் 'அப்ரூவ்' அமுக்குனா அன்னைக்கே தொடச்சு எடுத்துருவான்.

திசையன்விளை | 10:21

தம்பி? குடுக்கலைல்லா?

பாளை பைத்தான் | 10:58

பதிலே காணும்.

வழிகாட்டி_2009 | 11:06

கொடுத்திருப்பார். நான் முதலிலேயே சொன்னேன்.

பத்தமடைப் பாய் | 11:10

நீங்க சொன்னது முகவரி தப்புன்னு. முகவரி சரியாத்தான் இருக்கு.

கணக்கப்பிள்ளை | வெள்ளி காலை 7:35

இந்தப் பையன் திரும்பி வந்தா ஒண்ணு சொல்லணும். கிரிப்டோ வருமானத்துக்கு 30 சதவீதம் வரி, அதுக்கு மேல 4 சதவீதம் செஸ். 2022 ஏப்ரல்ல இருந்து அப்படித்தான். விற்கும்போது, கிரிப்டோவை ரூபாயா மாத்துற எக்ஸ்சேஞ்ச் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். முழுசா 250 டாலர் கையில வரும்னு கணக்குப் போட வேண்டாம்.

பாளை பைத்தான் | 7:50

அண்ணாச்சி, 30 எதுக்கு மேல? முழுத் தொகைக்கா, லாபத்துக்கா?

கணக்கப்பிள்ளை | 8:02

முழுசுக்கும்தான். செலவு எதையும் கழிக்க முடியாது.

பாளை பைத்தான் | 8:20

வாங்குன விலையைக் கழிக்கலாம்னு சட்டத்துலயே இருக்கே. அவன் வேலை பாத்துக் கூலியா வாங்கியிருக்கான். கைக்கு வந்த அன்னைக்கு உள்ள மதிப்பு அவனுக்குத் தொழில் வருமானம், அதுக்கு ஸ்லாப்ல வரி. வேற வருமானம் இல்லாத பையன்னா ஸ்லாப்ல ஒண்ணும் வராது. அந்த மதிப்புதான் பிறகு விற்கும்போது வாங்குன விலை. டாலர் 85 ரூபான்னு வைங்க, வந்த அன்னைக்கு 21,250. 86க்கு விற்கான், 21,500. லாபம் 250 ரூபா. அதுக்கு 30 சதவீதம் 75, செஸ் 3, மொத்தம் 78 ரூபா. நீங்க சொல்லுதபடி பாத்தா 6,708 ரூபா. ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்!

கணக்கப்பிள்ளை | 8:41

வாங்குனதுக்குக் காசு குடுத்த ரசீது எங்க? அதிகாரி கேட்டா என்ன காட்டுவான்?

பாளை பைத்தான் | 8:44

பிஆர் இருக்கு, மெயில் இருக்கு, சங்கிலியில தேதி நேரத்தோட இருக்கு. அன்னைக்கு விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கணும். கூலின்னு கணக்குல காட்டிட்டு அதே பணத்துக்கு மறுபடி முழுசா 30 கட்டுனா, ஒரே தாரை ரெண்டு தடவை ஏலம் விட்ட மாதிரில்லா.

கணக்கப்பிள்ளை | 9:15

வாதம் நல்லாருக்கு. நோட்டீஸ் வந்தா உங்க வாதத்தையே பதிலா எழுதச் சொல்லுங்க. நான் இருந்தா ஒரு ஆடிட்டரைக் கேட்டுட்டுத்தான் கட்டுவேன்.

முப்பந்தல் காத்தாடி | 9:30

இதுக்குத்தான் சொல்லுதேன், பி2பில, ஆளுக்கு ஆள் நேரா வித்துட்டா வரியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஜிபேல காசு வந்துரும்.

பத்தமடைப் பாய் | 9:38

வரி இல்லைன்னு யாரு சொன்னா? எங்க ஆபீஸ்ல ஒரு பையன் அப்படித்தான் முகம் தெரியாத ஆளுக்கு வித்தான். வந்த காசு வேற எங்கேயோ திருடுன காசு. சைபர் போலீஸ் சொல்லி பேங்க்ல அக்கவுண்டை முடக்கிட்டாங்க, சம்பளமும் சேந்து மாட்டிக்கிச்சு. தம்பிக்கு அந்த வழி சொல்லாதீங்க. நிதிப் புலனாய்வுப் பிரிவுல பதிவு பண்ண எக்ஸ்சேஞ்சாப் பாத்து, பான் கார்டு குடுத்து கேஒய்சி முடிக்கச் சொல்லுங்க. அதுக்கே ரெண்டு மூணு நாள் ஆனாலும் ஆகும். திங்கக்கிழமை ஃபீஸை இதை நம்பி வைக்கக் கூடாது.

வழிகாட்டி_2009 | 10:12

இந்த இழையே ஒரு நோயின் அறிகுறி. திறந்த மென்பொருளுக்குக் காசு வந்ததும் மரியாதை போய்விட்டது. கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் தம் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு 2 டாலர் 56 சென்ட் செக் அனுப்புவார். 256 சென்ட், அதாவது ஒரு ஹெக்சாடெசிமல் (16 அடிமான) டாலர். பலர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்கள். 2008இல் இருந்து இல்லாத ஊரின் இல்லாத வங்கிப் பெயரில்தான் சான்றிதழ் தருகிறார், அதற்கும் ஆள் இருக்கிறது. இன்று 50 டாலர் என்று இஷ்யூவில் (பிழைப் பதிவில்) போட்டால் போதும், ஏஐ எழுதிய குப்பை இருபது பிஆர் வந்து விழுகிறது. கர்ல் என்ற திறந்த மென்பொருள் திட்டம் அந்தத் தொல்லை தாங்காமல்தான் 2026 ஜனவரியோடு பக் பவுண்டியையே நிறுத்தியது.

திசையன்விளை | 10:20

செக்கைச் சட்டம் போட்டு மாட்டலாம். காலேஜ்ல ஃபீஸுக்குப் பதிலா சட்டத்தை வாங்குவாங்களா?

வழிகாட்டி_2009 | 10:26

நான் கொள்கையைச் சொன்னேன்.

பத்தமடைப் பாய் | 10:31

குப்பை வருது, வாஸ்தவம். ஆனா 'கொடை'ன்னு தேடுனா வரலைங்கறதை எந்த ஏஐயும் வந்து சொல்லலையே. கொடை நோட்டீஸ் வச்சிருந்தவன்தான் சொன்னான்.

களக்காட்டு வாழைத்தார் | மாலை 4:48

குடுக்கலக்கா. ராத்திரி காத்துல கரண்டு போச்சு, போனும் செத்துட்டு. காலைல பாத்தா அப்பா தோட்டத்துல நாப்பது அம்பது வாழை சாஞ்சு கெடக்கு, அதுக்கு முட்டுக் குடுக்கப் போயிட்டேன். இப்பதான் வாரேன். அந்த ஆளை பிளாக் பண்ணிட்டேன்.

பாலிகான்ஸ்கேன்ல பச்சையா இருக்கு. நெட்வொர்க் சேத்தேன், 250 தெரியுது!! ஆனா அனுப்பப் போனா போல் இல்லைங்குது. போல்னா என்ன?

திசையன்விளை | 4:53

பாலிகானோட சொந்தக் காசு. முந்தி மேட்டிக்னு இருந்துச்சு, 2024ல பேர் மாத்திட்டாங்க. யுஎஸ்டிசி வச்சிருந்தாலும் அதை நகத்த ஃபீஸ் போல்லதான் கட்டணும். பைசாக் கணக்குதான் வரும். அட்ரஸை எனக்குத் தனியாப் போடு, 1 போல் அனுப்பி விடுதேன். திருப்பித் தர வேண்டாம். 12 வார்த்தை கேக்க மாட்டேன், பயப்படாத.

களக்காட்டு வாழைத்தார் | 5:10

வந்துட்டு அண்ணே. இதுல யுஎஸ்டிசி டாட் ஈ-ன்னு போட்டிருக்கே, பரவால்லையா?

பத்தமடைப் பாய் | 5:22

அங்கதான் கவனம். பாலிகான்ல ரெண்டு யுஎஸ்டிசி உண்டு. டாட் ஈ-ங்கறது எத்தீரியத்துல இருந்து பாலம் வழியா வந்த பழசு. 2023 அக்டோபர்ல சர்க்கிள் கம்பெனியே நேரா புதுசு வெளியிட்டுச்சு. சில எக்ஸ்சேஞ்ச் புதுசை மட்டும்தான் வாங்கும், பழசை அனுப்புனா கணக்குல ஏறாது, மீட்கிறது பெரும்பாடு. டெபாசிட் பக்கத்துல எந்த நெட்வொர்க், எந்த காண்ட்ராக்ட்னு பாத்து ஒப்பிடு. ஒத்துப்போகலைன்னா வாலட்லயே ஸ்வாப் பண்ணி, அதான் பழசைப் புதுசா மாத்திக்க. எதுன்னாலும் முதல்ல 5 டாலர் மட்டும் அனுப்பு. அது ஏறுன பிறகு மிச்சம்.

திசையன்விளை | சனி காலை 11:02

தம்பி, 5 ஏறிட்டா?

பாளை பைத்தான் | திங்கள் இரவு 8:40

ஃபீஸ் கட்டியாச்சா?

களக்காட்டு வாழைத்தார் | 23 நாள் கழித்து

எல்லாருக்கும் நன்றி. ஃபீஸ் அம்மா கம்மலை வச்சுக் கட்டுனோம். கேஒய்சி முடிய ஒரு வாரம் ஆயிட்டு. ஸ்வாப் பண்ணி, 5 டாலர் அனுப்பிப் பாத்துட்டு, மிச்சத்தையும் அனுப்பி வித்தேன். கம்மலைத் திருப்பியாச்சு. வரிக்கு ஆடிட்டர் பாளை பைத்தான் அண்ணன் சொன்ன மாதிரிதான் சொல்லுதாரு, ஆனா ஸ்கிரீன்ஷாட் எங்கன்னு கேக்காரு. எடுக்கல.

இன்னொரு இஷ்யூ எடுத்திருக்கேன், 'கௌ'வுல. அதுல பின்னால வர்ற குறியும் 'ள'வும் பாக்க ஒண்ணுபோல இருக்கறதால ஆளாளுக்கு 'ள'வையே அடிச்சு வச்சிருக்காங்க. என்எஃப்சி இதுக்குக் கேக்க மாட்டேங்குது. யாருக்காவது தெரியுமா?

வழிகாட்டி_2009

வேறு கேள்விக்கு வேறு இழை திறக்கவும்.