‘லக்’ தொடரில் வரும் பிக் சிக்ஸ், கிளெய்மிங் ரேஸ்: நிஜத்தில் கணக்கு எப்படி?

புல்தரை:
எச்பிஓ-வின் ‘லக்’ தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கலிபோர்னியாவில் சாண்டா அனிட்டா ரேஸ்கோர்ஸிலேயே எடுத்திருக்கிறார்கள். சில இடங்கள் பிடிபடவில்லை.

நான்கு நண்பர்கள் சேர்ந்து பிக் சிக்ஸ் (Pick Six, அடுத்தடுத்து வரும் ஆறு ரேஸிலும் ஜெயிக்கும் குதிரையைச் சொல்லும் பந்தயம்) டிக்கெட் போடுகிறார்கள். இந்த டிக்கெட்டில் ‘சிங்கிள்’ என்பது எதற்கு? டிரெய்னர் எஸ்கலான்டே தன் குதிரை நன்றாக இருப்பதை ஏன் மறைக்க வேண்டும்? இன்னொன்று, வேறு தொடர்களில் ஹீரோ கடைசி நிமிஷத்தில் பெட்டி நிறையப் பணத்தை யாரும் சீண்டாத குதிரை மேல் கட்டி ஒரே ரேஸில் கோடீஸ்வரனாகிறான். அது நடக்குமா?

கணக்குப்பிள்ளை:
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலான தொடர்கள் சறுக்குவது அங்கேதான். அமெரிக்க ரேஸ்கோர்ஸில் நீங்கள் கம்பெனியோடு மோதுவதில்லை, மற்ற பந்தயக்காரர்களோடு மோதுகிறீர்கள். ஒரு வகைப் பந்தயத்துக்கு வரும் எல்லாப் பணமும் ஒரே பூலில், அதாவது ஒரே பொதுக் குவியலில், விழும். கோர்ஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். கலிபோர்னியாவில் வின் பூலுக்கு, அதாவது முதலாவதாக வரும் குதிரை மேல் கட்டும் பணத்துக்கு, அந்தப் பிடித்தம் 15.43%.

வின் பூலில் 1,00,000 டாலர் இருக்கிறது, ஹீரோவின் குதிரை மேல் 2,000 டாலர்தான் என்று வையுங்கள். பிடித்தம் போக 84,570. அதை 2,000-ஆல் வகுத்தால் டாலருக்கு 42.28. பத்து சென்ட்டுக்குக் கீழே உள்ள சில்லறையைக் கழித்துவிடுவார்கள், ஆகவே 42.20. ஹீரோ 20,000 கட்டினால் எட்டு லட்சத்துக்கு மேல் வரும் என்று திரைக்கதை நினைக்கும்.

ஆனால் அவன் கட்டியதும் பூல் 1,20,000 ஆகிறது. பிடித்தம் போக 1,01,484. அவன் குதிரை மேல் இப்போது 22,000. டாலருக்கு 4.60தான். கைக்கு வருவது 92,000. அவனுடைய பணமே அவன் விலையை, அதாவது டாலருக்குக் கிடைக்கும் தொகையை, அடித்துச் சாய்த்துவிட்டது. பிரிட்டனில் புக்கியிடம் (சொந்தமாகப் பந்தயம் வாங்குபவரிடம்) கட்டும்போது சொன்ன விலையைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த ஊர் வழக்கத்தை அமெரிக்க கவுன்டரில் கொண்டுவந்து வைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

இன்னொரு விஷயம். வெளியூர்களிலிருந்து வரும் பந்தயப் பணம் பூலில் சேரச் சற்று நேரம் பிடிக்கும். அதனால் கேட் திறந்து குதிரைகள் பாய்ந்த பிறகும் போர்டில் விலை இறங்கும். 8-க்கு 1 என்று பார்த்துக் கட்டியவர் 5-க்கு 1 வாங்குவது சாதாரணம். எவ்வளவு நல்ல காட்சி அது! எந்தத் தொடரும் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை.

பிக் சிக்ஸ் சுத்தமான பெருக்கல் கணக்கு. 2 டாலர் யூனிட் என்றால், ஆறு ரேஸிலும் மும்மூன்று குதிரை எடுத்தால் 729 காம்பினேஷன், 1,458 டாலர். இரண்டு ரேஸில் ஒரே ஒரு குதிரையை நிறுத்தினால், அதாவது சிங்கிள் வைத்தால், மீதி நாலுக்கும் 81 காம்பினேஷன், 162 டாலர். மிச்சமான காசில் புரியாத ரேஸ்களை அகலமாக எடுக்கலாம்: 5×5×4×4, 400 காம்பினேஷன், 800 டாலர். ஊரே நம்பும் ஃபேவரிட்டைச் சிங்கிள் வைத்தால் ஜெயித்தாலும் நூறு பேரோடு பங்கு போட வேண்டும். யாரும் கவனிக்காத குதிரையை மோப்பம் பிடித்துச் சிங்கிள் வைப்பவனுக்குத்தான் பெரிய தொகை. நீங்கள் எடுத்த குதிரை கடைசி நேரத்தில் விலகினால், அந்த ரேஸின் ஃபேவரிட் உங்கள் டிக்கெட்டில் தானாக வந்து உட்காரும்.

சேணம்:
எஸ்கலான்டே விஷயம். கிளெய்மிங் ரேஸில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு விலை போட்டிருக்கும். அந்த விலைக்கு, உரிமம் உள்ள யார் வேண்டுமானாலும் ரேஸுக்கு முன்பே சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டுக் குதிரையை வாங்கிக்கொள்ளலாம். பணம் முன்கூட்டியே கணக்கில் இருக்க வேண்டும். ஒருவருக்கு மேல் கேட்டால் எண் போட்ட உருண்டைகளைக் குலுக்கி எடுப்பார்கள். அன்றைய பரிசுப் பணம் பழைய முதலாளிக்கு, குதிரை புது முதலாளிக்கு.

25,000 டாலர் தரத்தில் ஓடும் குதிரையை 10,000 டாலர் ரேஸில் இறக்கினால் சுலபமாக ஜெயிக்கும், பந்தயத்திலும் காசு பார்க்கலாம். ஆனால் நல்ல குதிரை என்று தெரிந்தால் எவனாவது பத்தாயிரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதனால் அதற்கு ஏதோ கோளாறு என்று மற்றவர்களை நம்ப வைக்க வேண்டும்: முன்னங்காலில் பேண்டேஜ், பல மாத இடைவெளி, காலைப் பயிற்சியில் நேரம் குறிப்பவர்கள் கண்ணில் படும்போது மட்டும் மெதுவான ஓட்டம். பேண்டேஜைப் பார்த்து வாங்க வந்தவன் பின்வாங்குவான், பந்தயக்காரனும் ஒதுங்குவான். ஒரே துணிச்சுற்றில் இரண்டு வேலை. இந்த இழுபறியை வசனத்தில் விளக்காமல் காட்டியதுதான் ‘லக்’கின் பலம். எழுதிய டேவிட் மில்ச் ரேஸ்கோர்ஸோடு நெடுநாள் பழகியவர், சொந்தமாகக் குதிரை வைத்திருந்தவர்.

ஆறு_ஃபர்லாங்:
பந்தயக் காட்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு ஃபர்லாங் (சுமார் 1.2 கிலோமீட்டர்) ரேஸ் நிஜத்தில் ஏறக்குறைய 70 வினாடி. தொடர்களில் இரண்டு மூன்று நிமிடம் ஓடும், நடுவில் ஜாக்கிகள் உரையாடுவார்கள். கவனிக்க வேண்டியது ஜாக்கி கண்ணில் மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடியை. மண் தளத்தில் முன்னால் போகும் குதிரையின் குளம்பு மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். அதனால் ஜாக்கி மூன்று நான்கு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருப்பார். ஒன்று மூடியதும் கழுத்துக்கு இழுத்துவிட்டு அடுத்ததில் பார்ப்பார். பின்வரிசையில் வந்து ஜெயித்த ஜாக்கி பளிச்சென்ற முகத்தோடு இறங்கினால் அந்தக் காட்சி பொய்.

கால் மாற்றமும் அப்படித்தான். அமெரிக்காவில் இடப்பக்கமாகத்தான் சுற்றுவார்கள். வளைவில் இடது முன்னங்காலை முன்னே போட்டு வரும் குதிரை, நேர்க்கோட்டுக்கு வந்ததும் வலதுக்கு மாறும். மாறாமலே வந்தால் களைப்பு அல்லது வலி என்று அர்த்தம். பைனாகுலரோடு நிற்பவர்கள் தேடுவது இதைத்தான்.

இந்தத் தொடர் நின்றுபோன காரணத்தையும் மறக்கக் கூடாது. முதல் சீசனில் ரேஸ் காட்சிகள் எடுக்கும்போது இரண்டு குதிரைகள் அடிபட்டு, கருணைக்கொலை செய்யப்பட்டன. இரண்டாம் சீசன் வேலையில் மூன்றாவது குதிரை பின்னங்காலில் எழும்பி விழுந்து தலையில் அடிபட்டது. 2012 மார்ச் 14 அன்று தயாரிப்பை நிறுத்தினார்கள், ஒன்பது எபிசோடோடு முடிந்தது. நிஜத்தில் ஒரு குதிரை ஒரு ரேஸ் ஓடினால் வாரக்கணக்கில் ஓய்வெடுக்கும். ஷூட்டிங்கில் ஒரே நாளில் திரும்ப ஓட வேண்டிவரும். நெருக்கக் காட்சிகளை இயந்திரக் குதிரை மேல் எடுத்துவிட்டு, நிஜ ஓட்டத்தைச் சிறு துண்டுகளாகக் குறைப்பதுதான் நியாயமான வழி. மூச்சிரைக்கும் நிஜக் குதிரை ஒரு ஷாட்டுக்காகச் சாகக் கூடாது.

புல்தரை:
மிக்க நன்றி. பிக் சிக்ஸில் ஜெயித்தால் முழுப் பணமும் அப்படியே கைக்கு வருமா?

கணக்குப்பிள்ளை:
வராது. தொடர் வந்த 2012 காலகட்ட விதிப்படி, பரிசு 5,000 டாலருக்கு மேல், பந்தயத் தொகையைப் போல 300 மடங்குக்கும் மேல் என்றால் 25% வரியை கவுன்டரிலேயே பிடித்துவிடுவார்கள். அந்த 300 மடங்கை நீங்கள் டிக்கெட்டுக்குக் கொட்டிய 800 டாலரோடு ஒப்பிட மாட்டார்கள், ஜெயித்த 2 டாலர் காம்பினேஷனோடுதான் ஒப்பிடுவார்கள். 2017 செப்டம்பரில்தான் முழுத் தொகையையும் கணக்கில் எடுக்கும்படி மாற்றினார்கள்.

தோற்ற டிக்கெட்டைக் கிழித்துக் காற்றில் வீசும் ஷாட் எல்லாத் தொடரிலும் வரும். தொடர்ந்து ஆடும் அமெரிக்கர் அதைக் கவரில் போட்டு வைப்பார். ஜெயித்த தொகையிலிருந்து தோற்றதைக் கழித்து வரி கட்ட அதுவும் ஓர் அத்தாட்சி.