ரோட்டுப் பள்ளத்தில் டயரும் அலாயும் போச்சு, கவுன்சில் காசு தர மறுக்கிறது – உதவி தேவை

ஈரக்காற்று | செவ்வாய், இரவு 9.14

வணக்கம். ரோட்டுப் பள்ளத்தில் இறங்கி முன் டயர் வெடித்துவிட்டது, அலாய் வீலும் நெளிந்துவிட்டது. மொத்தம் 438 பவுண்ட் பில். ரோட்டைப் பராமரிக்கும் உள்ளூர் கவுன்சிலின் ஃபார்மை நிரப்பி பில்லோடு அனுப்பியிருந்தேன். இன்று பதில் வந்திருக்கிறது. "பிரிவு 58-இன்படி எங்களுக்குப் பொறுப்பு இல்லை, கோரிக்கையை நிராகரிக்கிறோம்" என்று இரண்டே பத்தி. இதற்கு மேல் என்ன செய்யலாம்? யாராவது காசு வாங்கியிருக்கிறீர்களா? கொஞ்சம் அவசரம்.

தேம்ஸ்கரைத் தமிழன் | 9.31

எந்த ரோடு? எந்தத் தேதி? பள்ளம் எவ்வளவு ஆழம்? போட்டோ எடுத்தீர்களா? லண்டனா, வெளியூரா? ஒன்றுமே சொல்லாமல் 'அவசரம்' என்றால் எப்படி?

மீனா ஈஸ்ட்ஹாம் | 9.40

ஸ்காட்லாந்து என்றால் சட்டமே வேறு, அதையும் சொல்லுங்கள். லண்டனுக்குள் சிவப்புக் கோடு போட்ட ரோடு என்றால் கவுன்சிலிடம் கேட்டுப் பயனில்லை, டி.எஃப்.எல் என்ற லண்டன் போக்குவரத்து அமைப்பிடம்தான் கேட்க வேண்டும். மோட்டார்வே, பெரிய ஏ ரோடுகள் என்றால் நேஷனல் ஹைவேஸ் என்ற அரசு நிறுவனம்.

குரோய்டன் ராஜா | 9.52

எதற்கு இந்த வம்பு? இன்சூரன்ஸில் போடுங்கள், அதற்குத்தானே மாதாமாதம் கட்டுகிறோம்.

மீனா ஈஸ்ட்ஹாம் | 9.58

ராஜா அண்ணா, எக்ஸஸ், அதாவது நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, 350, 400 என்று இருக்கும். 438-க்கு கிளெய்ம் போட்டால் கையில் வருவது காபி குடிக்கத்தான் காணும். கிளெய்ம் போடாததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம்ஸ் போனஸும் அடிபடும்.

பழைய வரவு | 10.20

இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவை வருகிறது. மேலே தேடும் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

மீனா, கடிதத்தில் பிரிவு 58 என்று இருந்தாலே அது இங்கிலாந்து அல்லது வேல்ஸ்தான். ஸ்காட்லாந்தா என்று கேட்கத் தேவையில்லை. 1980ஆம் ஆண்டின் ஹைவேஸ் ஆக்ட். அதில் 41ஆம் பிரிவு ரோட்டைப் பராமரிக்கும் கடமையைக் கவுன்சில் தலையில் கட்டுகிறது. 58ஆம் பிரிவு அதிலிருந்து அவர்கள் தப்பிக்கும் வழி. "ஒழுங்காகச் சோதனை செய்தோம், நியாயமான கவனம் எடுத்தோம், இந்தப் பள்ளம் எங்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வழியும் இல்லை" என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டியது அவர்கள், நீங்கள் அல்ல. கடிதத்தில் 58 என்று ஓர் எண்ணை எழுதிவிட்டால் அது நிரூபணம் ஆகாது. முதல் கடிதத்தில் எல்லோருக்கும் இதைத்தான் எழுதுவார்கள். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதை எத்தனை வருடமாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று யாராவது படித்தால் தெரியும்.

ஈரக்காற்று | 10.47

நன்றி. ரோடு பெயர் போட விருப்பமில்லை. லண்டனுக்கு வெளியே, கவுண்டி கவுன்சில். கோல்ஃப் கார். பள்ளம் ரொம்ப ஆழம்.

தேம்ஸ்கரைத் தமிழன் | 10.49

'ரொம்ப ஆழம்' என்றால் எத்தனை மில்லிமீட்டர்??

குரோய்டன் ராஜா | 10.55

40 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சட்டப்படி அது பள்ளமே இல்லை. என் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

பழைய வரவு | 11.03

சட்டப்படி அப்படி எதுவும் இல்லை. 40 என்பது பல கவுன்சில்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட அளவு. கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் சட்டம் படித்தவரா?

கராஜ் சிவா | புதன், காலை 7.05

வேலைக்கு முதல் ஒரு வரி. தம்பி, பழைய ரயரை எறிந்துபோடாதேங்கோ. கராஜில் குப்பைக்குப் போட்டிருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கோ. பள்ளத்தில் அடிபட்ட ரயருக்குப் பக்கச் சுவரில் முட்டை மாதிரி ஒரு வீக்கம் வரும், இல்லையென்றால் விளிம்போரமாக இரண்டு வெட்டு அருகருகே இருக்கும், ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் ரப்பர் நசிந்த அடையாளம் அது. அலாயைக் கழற்றி உள்பக்கத்தையும் பாருங்கோ. வெளியே கீறல்கூட இல்லாமல் உள் விளிம்பு வெடித்திருக்கும். பில்லில் "டயர் மாற்றியது" என்று மட்டும் இருந்தால் பெறுமதி இல்லை. "மோதியதால் ஏற்பட்ட சேதம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கோ. நாங்கள் கேட்டால் எழுதித்தான் கொடுப்போம்.

தேம்ஸ்கரைத் தமிழன் | 8.12

சிவா அண்ணா சொன்னது முக்கியம். இன்னொன்று, பள்ளத்தை ஏற்கனவே மூடியிருந்தால் பொதுமக்கள் ரோட்டுப் புகார் போடும் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தில் அந்த ரோட்டைப் போட்டுப் பாருங்கள். வேறு யாராவது முன்பே போட்ட புகார் தேதியோடு அங்கேயே கிடக்கும். கூகுள் ஸ்ட்ரீட் வியூவிலும் பழைய மாதப் படங்கள் இருக்கும். அளக்கிறேன் என்று ரோட்டு நடுவில் போய் நிற்க வேண்டாம்.

கீதா ஸ்லவ் | 8.40

எங்கள் தெருப் பள்ளத்துக்கு உள்ளூர் கவுன்சிலருக்கு ஒரு மெயில் போட்டேன். அடுத்த வாரமே வந்து அடைத்துவிட்டார்கள். எம்.பி.க்கும் ஒன்று எழுதுங்கள், எல்லாம் தானாக நடக்கும்.

பழைய வரவு | 9.15

பள்ளம் அடைபடும். காசு வராது. கேள்வி காசைப் பற்றியது.

ஆல்பர்ட்டன் செல்வம் | 9.33

காரில் எத்தனை இஞ்ச் அலாய்? கோல்ஃபில் 18, 19 இஞ்ச் போட்டு, 35 புரொஃபைல் என்று பக்கச் சுவர் உயரம் குறைந்த டயர் மாட்டினால் பள்ளம் தேவையில்லை, வேகத்தடையே போதும். ஷோவுக்காக மாட்டிவிட்டு கவுன்சிலைக் குறை சொல்லக்கூடாது.

குரோய்டன் ராஜா | 9.41

அவர் எந்த டயர் மாட்டினால் உங்களுக்கென்ன? ரோடு டாக்ஸ் கட்டுகிறார், ரோடு சரியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பழைய வரவு | 9.50

ரோடு டாக்ஸ் என்று இந்த நாட்டில் ஒன்று இல்லை. வண்டி வரி ரோட்டுக்கென்று ஒதுக்கப்படுவது 1937-லேயே நின்றுபோயிற்று. நீங்கள் கட்டுவது வண்டி வரி, அது பொதுக் கஜானாவுக்குப் போகிறது. கவுன்சிலின் ரோட்டு வேலைக்குக் கவுன்சில் டாக்ஸும் அரசு மானியமும்தான்.

குரோய்டன் ராஜா | 9.57

எந்தப் பெயரில் போனால் என்ன, என் பாக்கெட்டிலிருந்துதானே போகிறது? சைக்கிள்காரர்கள் ஒரு பென்னி கட்டாமல் நடு ரோட்டில் போகிறார்கள், அவர்களைக் கேட்க ஆளில்லை.

மீனா ஈஸ்ட்ஹாம் | 10.02

நான் சைக்கிள்தான் ஓட்டுகிறேன், கவுன்சில் டாக்ஸும் கட்டுகிறேன். உங்களுக்குப் பள்ளம் என்றால் டயர், எங்களுக்குப் பல்.

குரோய்டன் ராஜா | 10.06

அது சரி தங்கச்சி, உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

ஆல்பர்ட்டன் செல்வம் | 10.15

ஊரில் என்றால் பள்ளத்துக்குள் ஒரு வாழைமரம் நட்டிருப்போம், விஷயம் முடிந்தது.

வடமராட்சி 78 | நண்பகல் 12.25

எல்லோரும் டாக்ஸை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். எனக்கு இரண்டு வருடத்துக்கு முன் இதே கடிதம், இதே பிரிவு 58. கடைசியில் வாங்கினேன். எப்படி என்று சொல்கிறேன்.

தகவல் அறியும் சட்டம் 2000-இன் கீழ் ஒரு மெயில், அவ்வளவுதான். காசு கட்ட வேண்டாம், வக்கீல் வேண்டாம். அந்த ரோட்டுக்குக் கடந்த 12 மாதச் சோதனைப் பதிவுகள், பொதுமக்கள் கொடுத்த புகார்கள், கொடுத்த ரிப்பேர் உத்தரவுகளும் அவை முடிந்த தேதியும், அந்த ரோடு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை சோதிக்கப்பட வேண்டும் என்ற அவர்களுடைய கொள்கை ஆவணம். இவற்றைக் கேளுங்கள். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும்.

எனக்கு ஓர் எக்செல் ஷீட் வந்தது. வரிசை வரிசையாகப் பள்ளங்கள். என்னுடையது நடுவில் ஒரு வரி. ஆழம் 55 மி.மீ., "28 நாளில் சரிசெய்யவும்" என்று அவர்களுடைய இன்ஸ்பெக்டரே குறித்திருந்தார். அதற்குப் பக்கத்தில் வேலை முடிந்த தேதிக்கான கட்டம் காலி. நான் விழுந்தது அந்த 28 நாளும் தாண்டிய பிறகு. அந்த வரியை மஞ்சளடித்து, "உங்களுக்குத் தெரிந்திருந்தது, உங்கள் கெடுவையே நீங்கள் தவறவிட்டீர்கள்" என்று ஒரு பக்கக் கடிதம். அதன் பிறகு 58 என்ற பேச்சே வரவில்லை.

ஆனால் ஒன்று. நீங்கள் விழுவதற்கு ஒரு வாரம் முன்பு சோதித்து, பள்ளம் இல்லை என்று பதிந்திருந்தால், இடையில் யாரும் புகாரும் தராமல் இருந்தால், விட்டுவிடுங்கள். கோர்ட்டுக்குப் போனாலும் நிற்காது.

பழைய வரவு | 12.50

வடமராட்சி சொன்னது பெரும்பாலும் சரி. விட்டுப்போனது ஒன்று: "எங்களிடம் பணம் இல்லை, அதனால்தான் வருடத்துக்கு ஒரு தடவை சோதிக்கிறோம்" என்று எழுதினால் அது செல்லாது. 2011-இல் வில்கின்சன் எதிர் யார்க் நகர கவுன்சில் வழக்கில் அப்பீல் கோர்ட் அதைத்தான் சொன்னது. விழுந்தவர் சைக்கிளில் வந்தவர், ராஜாவின் கவனத்துக்கு.

வெம்ப்ளி பாலன் | 1.30

பள்ளம் வட்டமா, சதுரமா? நேர்கோடாக வெட்டி ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரம் பெயர்ந்திருந்தால் அது கவுன்சில் பள்ளமே இல்லை. தண்ணீர்க் கம்பெனியோ, கேஸோ, பிராட்பேண்டோ தோண்டி அரைகுறையாக மூடியிருப்பார்கள். பத்தில் எட்டு பள்ளம் அப்படித்தான். கவுன்சிலை விடுங்கள், அவர்களைப் பிடியுங்கள்.

ஈரக்காற்று | 5.48

ஆமாம், சதுரம்தான். போட்டோவில் நீளமாக ஒட்டுப்போட்ட கோடு தெரிகிறது. பக்கத்தில் என் ஷூ வைத்து எடுத்தது, பாதி ஷூ உள்ளே போகிறது. டயர் 45 புரொஃபைல், ஷோ ஒன்றும் இல்லை.

வெம்ப்ளி பாலன் | 5.52

சொன்னேனா இல்லையா!

பழைய வரவு | 6.20

பத்தில் எட்டு என்று எண்ணியது யார்? பாலன் ஒவ்வொரு இழையிலும் தண்ணீர்க் கம்பெனியைக் கொண்டுவருவார், இந்தத் தடவை குருட்டாம்போக்கில் பொருந்திவிட்டது.

தோண்டிய கம்பெனி ஒட்டுப்போட்ட இடத்துக்கு இரண்டு வருட உத்தரவாதம் தர வேண்டும், ஆழமாகத் தோண்டியிருந்தால் மூன்று. அதற்காகக் கவுன்சிலை விட்டுவிட வேண்டாம். ரோடு அவர்களுடையது, 41ஆம் பிரிவுக் கடமை அவர்களை விட்டுப் போகாது. இரண்டு பேருக்கும் எழுதுங்கள். ஒருவரை ஒருவர் கை காட்டட்டும், நீங்கள் இரண்டு பதிலையும் சேர்த்து வையுங்கள். எந்தக் கம்பெனி எப்போது தோண்டியது என்பதையும் அதே தகவல் மனுவில் கேட்டுவிடலாம்.

தேம்ஸ்கரைத் தமிழன் | 7.10

அப்புறமும் மறுத்தால்? ஜெயித்தால் மட்டும் காசு வாங்கும் நோ வின் நோ ஃபீ வக்கீல் யாராவது?

வடமராட்சி 78 | 7.34

438 பவுண்டுக்கு எந்த வக்கீலும் திரும்பிப் பார்க்க மாட்டார். உடம்பில் காயம் இருந்தால்தான் அவர்களுக்கு ஆர்வம். நீங்களே ஸ்மால் கிளெய்ம்ஸ், அதாவது சிறு தொகை வழக்கு, போடலாம், ஆன்லைனில். இந்தத் தொகைக்குக் கோர்ட் கட்டணம் 50 பவுண்ட், விசாரணை வரை போனால் அதற்குத் தனியாக. அதற்கு முன் "14 நாளில் பதில் இல்லையென்றால் வழக்கு" என்று ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இந்த வழக்குகளில் போனில் ஒரு மணி நேர சமரசப் பேச்சு கட்டாயம், இலவசம்தான். அங்கேயே ஏதாவது ஒரு தொகைக்கு இறங்கிவரலாம். அவசரப்பட வேண்டாம், ஆறு வருடம் வரை நேரம் இருக்கிறது. அவசரம் ஆதாரத்துக்குத்தான்.

ஆல்பர்ட்டன் செல்வம் | 8.05

45 புரொஃபைல் என்றால் மன்னிக்கலாம். ஆனால் டயர் பிராண்ட் என்ன? மலிவு டயர் என்றால் பக்கச் சுவர் பலம் இருக்காது.

கராஜ் சிவா | 9.22

செல்வம், அந்த ஆழத்தில் எந்த பிராண்டும் போகும். நான் தினம் பார்க்கிறன். ஈரக்காற்று, பழைய ரயர் கிடைத்ததா?

தேம்ஸ்கரைத் தமிழன் | அடுத்த ஞாயிறு

@ஈரக்காற்று என்ன ஆயிற்று?

மீனா ஈஸ்ட்ஹாம் | இரண்டு வாரம் கழித்து

ஆளையே காணோம். இப்படித்தான் எல்லோரும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஈரக்காற்று | ஏழு வாரம் கழித்து

அப்டேட். தகவல் மனு போட்டேன், ஷீட் வந்தது. நான் பள்ளத்தில் இறங்குவதற்கு மூன்று வாரம் முன்பே யாரோ அதே பள்ளத்தைப் புகார் செய்திருக்கிறார்கள். அதைக் காட்டி எழுதினேன். பழைய டயருக்குத் தேய்மானம் கழித்து 365 பவுண்ட் தருகிறோம் என்றார்கள். வாங்கிக்கொண்டேன். எல்லோருக்கும் நன்றி.

வெம்ப்ளி பாலன் | அதே நாள்

தண்ணீர்க் கம்பெனிதானே தோண்டியது? அதைச் சொல்லவில்லையே?

வடமராட்சி 78 | அதே நாள்

நல்லது தம்பி. தேய்மானத்தை எப்படிக் கணக்குப் போட்டார்கள்? டயரில் தேயாமல் எத்தனை மி.மீ. திரெட் (பள்ளக்கோட்டு ஆழம்) இருந்தது? அலாய்க்கும் கழித்தார்களா, டயருக்கு மட்டுமா? மற்றவர்களுக்கு உதவும், சொல்லுங்கள்.

புதுமுகம் ரெடிங் | நான்கு நாள் கழித்து

எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கிங்கில். பின் டயர் போய்விட்டது. கவுன்சிலுக்கு ஃபார்ம் போட்டிருக்கிறேன். எவ்வளவு நாளில் காசு வரும்?

பழைய வரவு | அதே நாள்

வராது. அது தனியார் இடம், கவுன்சிலுக்குச் சம்பந்தமே இல்லை. தனி இழை திறங்கள். திறப்பதற்கு முன் மேலே ஒரு பெட்டி இருக்கிறது.